பழைய ஃபயர்ஃபாக்ஸும் புதிய ஃபயர்ஃபாக்ஸும் ஒரே கணினியில்: சண்டை வராமல் வைத்துக்கொள்ளும் முழு வழிகாட்டி

தெரிந்தவர் ஒருவரின் கடையில் கேமரா ரெக்கார்டர் ஒன்று இருந்தது. பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை, இரவும் பகலும் பதிவு செய்துகொண்டிருந்தது. ஆனால் அதன் பக்கத்தைக் கணினியில் திறந்தால் படம் வராது. "பிளகினை நிறுவவும்" என்று ஒரு வரி மட்டும் வரும். பிளகினை நிறுவினாலும் அதே வரிதான். பெட்டி கேட்பது பழைய பாணி செருகுநிரல் (பிளகின்), இன்றைய பிரவுசர் எதுவும் அதை உள்ளே விடாது. பெட்டியை மாற்றப் பணம் வேண்டும், பழைய பிரவுசரைப் போட அரை மணி நேரம் போதும். சரி என்று பழைய ஃபயர்ஃபாக்ஸை இறக்கி, இருந்த ஃபயர்ஃபாக்ஸின் மேலேயே நிறுவினேன். கேமரா தெரிந்தது. கடைக்காரர் சேமித்து வைத்திருந்த கடவுச்சொற்கள் எல்லாம் காணாமல் போயின.

தவறு என்னுடையதுதான். பிரவுசர் என்பது உண்மையில் இரண்டு பொருள்கள் என்பதை அன்று நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒன்று நிரல். இன்னொன்று ப்ரொஃபைல், அதாவது புக்மார்க், கடவுச்சொல், குக்கி, நீட்சி (எக்ஸ்டென்ஷன்), அமைப்புகள் எல்லாம் குடியிருக்கும் ஃபோல்டர். நிரல்களை எத்தனை வேண்டுமானாலும் அடுக்கி வைக்கலாம், அவை ஒன்றையொன்று சீண்டாது. இரண்டு நிரல்கள் ஒரே ப்ரொஃபைலில் கை வைக்கும்போதுதான் வம்பு. கீழே வரும் படிகள் எல்லாமே அந்த இரண்டையும் தனித்தனி வீட்டில் வைப்பதற்காகத்தான்.

ஒரு சிறு குறிப்பு. தட்டச்சு செய்யவேண்டிய சொற்களையும் பொத்தான்களின் பெயர்களையும் தமிழ் உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும். படிகள் விண்டோஸுக்கானவை. லினக்ஸ், மேக் பற்றிப் பின்னால் வருகிறது.

பழையது உண்மையிலேயே வேண்டுமா?

முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாதிப் பேருக்குத் தேவைப்படாது.

ஃபிளாஷ் விளையாட்டுக்காகவோ பழைய பாடக் குறுந்தகடுக்காகவோ என்றால் பழைய பிரவுசர் பயன்படாது. அடோபி 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஃபிளாஷுக்கு ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரே தன்னைப் பூட்டிக்கொள்ளும்படியும் செய்துவிட்டது. அதனால் ஃபிளாஷைத் தாங்கிய கடைசிப் பதிப்பான ஃபயர்ஃபாக்ஸ் 84ஐத் தேடிப் பிடித்தாலும் பயனில்லை. ரஃபிள் என்ற இலவச எமுலேட்டரை இன்றைய பிரவுசரில் நீட்சியாகப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய ஃபிளாஷ் கோப்புகளில் கணிசமானவை அதில் ஓடும்.

எஃப்டிபி (கோப்புகளை இறக்க, ஏற்றப் பயன்படும் பழைய முறை) முகவரி திறக்கவில்லை என்றால் அதற்கென்றே உள்ள ஃபைல்ஸில்லா நிரல் போதும். அந்த வசதியை ஃபயர்ஃபாக்ஸ் 90இல் எடுத்துவிட்டார்கள், குரோம் 95இல் போனது.

பழைய ரௌட்டர், சுவிட்ச் போன்றவற்றின் பக்கம் "பாதுகாப்பான இணைப்பு முடியவில்லை" என்று நின்றால், காரணம் பெரும்பாலும் இணைப்பை மறையாக்கும் முறையான டிஎல்எஸ்ஸின் பழைய பதிப்புகள், 1.0 அல்லது 1.1. 2020இல் ஃபயர்ஃபாக்ஸ் 78, குரோம் 84 இரண்டும் இவற்றை வழக்கமான நிலையில் அணைத்துவிட்டன. ஆனால் ஃபயர்ஃபாக்ஸில் திறவுகோல் இன்னும் உள்ளே இருக்கிறது. முகவரிப் பட்டையில் 'அபவுட்:கான்ஃபிக்' என்று தட்டி, 'செக்யூரிட்டி.டிஎல்எஸ்.வெர்ஷன்.மின்' என்ற வரியைத் தேடி, மதிப்பை 1 ஆக்கிப் பாருங்கள். பக்கம் திறந்தால் வேலையை முடித்துவிட்டு மறக்காமல் பழைய மதிப்புக்கே திருப்பிவிடுங்கள். இதையும் தினசரி ப்ரொஃபைலில் செய்யாமல் தனி ப்ரொஃபைலில் செய்வது நல்லது.

ஆக்டிவ்எக்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் செருகுநிரல் முறையைக் கேட்கும் பக்கம் என்றால் எந்த ஃபயர்ஃபாக்ஸும் உதவாது. அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் பிள்ளை. அதற்கான வழி கடைசிப் பகுதியில் இருக்கிறது.

இவை எதிலும் சேராமல் மிஞ்சுவது ஜாவா ஆப்லெட் (பக்கத்துக்குள் ஓடும் ஜாவா நிரல்), சில்வர்லைட் (மைக்ரோசாஃப்டின் செருகுநிரல்), என்பிஏபிஐ என்ற பழைய முறைச் செருகுநிரல் கேட்கும் கருவிகள், பழைய வகை நீட்சிகள். அப்புறம், தான் செய்யும் தளம் பழைய பிரவுசரில் எப்படித் தெரிகிறது என்று பார்க்கவேண்டிய வடிவமைப்பாளர்கள். இவர்களுக்குத்தான் மேலே படிக்கும் வேலை.

எந்தப் பதிப்பு?

செருகுநிரல், ஜாவா, பழைய நீட்சி என்றால் பதில் ஒன்றுதான்: ஃபயர்ஃபாக்ஸ் 52 இஎஸ்ஆர், அதன் கடைசித் திருத்தமான 52.9.0. 2017 மார்ச்சில் சாதாரண 52 வந்தபோது ஃபிளாஷைத் தவிர மற்றச் செருகுநிரல்களை வெளியே தள்ளியது. நிறுவனங்களுக்கான நீண்டகாலப் பதிப்பான இஎஸ்ஆர் மட்டும் அவற்றை வைத்துக்கொண்டது. விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா இரண்டிலும் ஓடும் கடைசி ஃபயர்ஃபாக்ஸும் அதுவே.

பழைய நீட்சிக்காக 56ஐப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. 2017 நவம்பரில் வந்த 57, குவாண்டம், பழைய நீட்சிகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது என்பதால் அந்தக் கணக்கு. நான் 52 இஎஸ்ஆர் பக்கம்தான். காரணம், நீட்சிகளைச் சரிபார்க்கும் மொசில்லாவின் மூலச் சான்றிதழ் ஒன்று 2025 மார்ச் 14 அன்று காலாவதியானது. புதுப்பிக்கப்படாத பழைய பதிப்புகளில் அதற்குப் பிறகு நீட்சிகள் முடங்கிவிடுகின்றன. இஎஸ்ஆரில் 'அபவுட்:கான்ஃபிக்' போய் 'எக்ஸ்பிஇன்ஸ்டால்.சிக்னேச்சர்ஸ்.ரெக்வயர்ட்' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கினால் கையெழுத்துச் சோதனையே நின்றுவிடும். சாதாரண 56இல் அந்த விசை வேலை செய்யாது.

இன்னொன்று, 32 பிட்டா 64 பிட்டா? ஜாவாவும் கேமராச் செருகுநிரல்களும் வேண்டுமானால் 32 பிட்தான். விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் பிரவுசரும் செருகுநிரலும் 32 பிட்டாக இருப்பதில் தடை ஏதும் இல்லை. ஜாவாவில் 8ஆம் பதிப்பு வேண்டும், 11இல் ஆப்லெட் செருகுநிரல் கிடையாது.

விண்டோஸ் 7, 8, 8.1 கணினியில் முடிந்தவரை புதியது வேண்டும் என்பவர்கள் 115 இஎஸ்ஆர் எடுக்கலாம். அந்த விண்டோஸ்களுக்குக் கடைசி வரிசை அது. குரோமில் அதற்கு இணையானது 109.

இடையில் தமிழுக்கே உரிய ஒரு காரணமும் சொல்லவேண்டும். யூனிகோடு பரவுமுன் தமிழ்த் தளங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு எழுத்துருவை வைத்திருந்தன. சேமித்துவைத்த பழைய பக்கத்தை இன்று திறந்தால் தமிழுக்குப் பதில் கொத்துக் கொத்தாக ஐரோப்பியக் குறியெழுத்துகள் தெரியும். பழைய ஃபயர்ஃபாக்ஸில் பத்மா என்றொரு நீட்சி இருந்தது, அப்படிப்பட்ட பக்கங்களை யூனிகோடாக்கிக் காட்டும். ஆனால் சில பக்கங்களைப் படிக்க மட்டும் என்றால் பிரவுசரைப் பழசாக்கவேண்டாம். எழுத்துருவைத் தேடி நிறுவுவதோ எழுத்துமாற்றியில் ஒட்டி எடுப்பதோ சுலபம்.

முதல் படி: இருப்பதைக் காப்பாற்று

புதிய ஃபயர்ஃபாக்ஸில் 'அபவுட்:ப்ரொஃபைல்ஸ்' திறக்கவும். பயன்பாட்டில் இருக்கும் ப்ரொஃபைலின் கீழ் 'ரூட் டைரக்டரி' என்று ஒரு பாதை தெரியும். பக்கத்திலேயே ஃபோல்டரைத் திறக்கும் பொத்தான். திறந்துவைத்துவிட்டு ஃபயர்ஃபாக்ஸை முழுவதும் மூடுங்கள். பிறகு அந்த ஃபோல்டரை அப்படியே வேறு டிரைவுக்கோ பென்டிரைவுக்கோ நகலெடுங்கள். பிரவுசர் திறந்திருக்கும்போது நகலெடுத்தால் பாதி எழுதிய தரவுத்தளம்தான் கையில் வரும்.

இதைத் தாண்டிப் போகத் தோன்றும், போகாதீர்கள். ஃபயர்ஃபாக்ஸ் 67 முதல், அதாவது 2019 மே முதல், ஒரு காவல் இருக்கிறது. ஒவ்வொரு நிறுவலுக்கும் தனி ப்ரொஃபைல் கிடைக்கும். புதியது தொட்ட ப்ரொஃபைலைப் பழையது திறக்கப் போனால் எச்சரித்துத் தடுக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காவல்காரன் நிற்பது 67லும் அதற்குப் பிந்தியவற்றிலும் மட்டும். 52க்கு அப்படி ஒரு விதி வந்ததே தெரியாது. எதிரில் இருக்கும் ப்ரொஃபைலைக் கேள்வி கேட்காமல் திறந்து எழுதத் தொடங்கிவிடும்.

கடைக்காரரின் கடவுச்சொற்கள் போனதும் இப்படித்தான். 58ஆம் பதிப்பில் கடவுச்சொற்களைத் திறக்கும் சாவி, 'கீ3' என்ற கோப்பிலிருந்து 'கீ4' என்ற கோப்புக்கு இடம் மாறியது. 52க்கு 'கீ4' என்றால் என்னவென்று தெரியாது. பூட்டு இருந்தது, அதற்கான சாவியை அதனால் அடையாளம் காண முடியவில்லை.

இரண்டாம் படி: இறக்குவது

மொசில்லாவே தன் எல்லாப் பழைய பதிப்புகளையும் பொதுவில் வைத்திருக்கிறது. 'எஃப்டிபி.மொசில்லா.ஆர்க்' என்ற முகவரியில் 'பப்', அதற்குள் 'ஃபயர்ஃபாக்ஸ்', அதற்குள் 'ரிலீஸஸ்' என்று போனால் பதிப்பு எண்களின் நீண்ட பட்டியல் வரும். பெயரில் எஃப்டிபி இருந்தாலும் இது சாதாரண இணையப் பக்கம்தான். '52.9.0இஎஸ்ஆர்' ஃபோல்டர், அதற்குள் 'வின்32', அதற்குள் மொழி. தமிழ் உட்பட மொழிகள் இருக்கும். செருகுநிரல் குறிப்புகள் ஆங்கிலத்தில்தான் கிடைக்கும் என்பதால் ஆங்கிலத்தை எடுப்பது வசதி.

"பழைய பதிப்புகள் இலவசம்" என்று கூவும் வேறு தளங்களுக்குப் போகவேண்டாம். மூலம் திறந்து கிடக்கும்போது இடைத்தரகர் எதற்கு? சந்தேகம் இருந்தால் அதே பதிப்பு ஃபோல்டரில் 'எஸ்ஹெச்ஏ256சம்ஸ்' என்ற உரைக்கோப்பு இருக்கும். விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் 'செர்ட்யூட்டில்' கட்டளையை '-ஹேஷ்ஃபைல்' என்ற தேர்வோடு, கோப்பின் பெயரும் 'எஸ்ஹெச்ஏ256' என்ற சொல்லும் சேர்த்து ஓட்டினால் ஒரு நீண்ட எண் வரும். உரைக்கோப்பில் உள்ளதோடு அது பொருந்தினால் கோப்பு அசல்.

மூன்றாம் படி: நிறுவாமலே நிறுவுவது

வழக்கமான வழிகாட்டிகள் இங்கே "கஸ்டம் இன்ஸ்டால் தேர்ந்தெடுங்கள், ஃபோல்டரை மாற்றுங்கள், பராமரிப்புச் சேவை டிக்கை எடுங்கள்" என்று வரிசையாகச் சொல்லும். அதுவும் சரியான வழிதான். ஆனால் ஒரு டிக்கைத் தவறவிட்டால் பழையது இயல்பு பிரவுசராகி உட்கார்ந்துவிடும். எனக்குப் பிடித்தது வேறு வழி.

அந்த நிறுவல் கோப்பு உண்மையில் ஒரு சுருக்கிய பொட்டலம். 7-ஜிப் கணினியில் இருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, 7-ஜிப் பட்டியலில் 'ஓபன் ஆர்க்கைவ்' கொடுங்கள். உள்ளே 'கோர்' என்று ஒரு ஃபோல்டர் தெரியும். முழு பிரவுசரும் அதற்குள் இருக்கிறது. டி டிரைவில் 'எஃப்எக்ஸ்52' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, 'கோர்' ஃபோல்டரை அங்கே இழுத்துப் போடுங்கள். அவ்வளவுதான். ரெஜிஸ்ட்ரியில் எழுத்து இல்லை, பராமரிப்புச் சேவை இல்லை, ஸ்டார்ட் மெனுவில் தடயம் இல்லை. வேண்டாம் என்றால் ஃபோல்டரை அழித்தால் போயிற்று.

உள்ளே இருக்கும் நிரலை இன்னும் திறக்காதீர்கள். இரட்டை கிளிக் செய்யக் கை பரபரக்கும். ப்ரொஃபைல் எது என்று சொல்லாமல் திறந்தால், மேலே சொன்ன காவல் இல்லாத வாசல் வழியாக உங்கள் பழைய ப்ரொஃபைலுக்குள்ளேயே போகக்கூடும்.

நான்காம் படி: தனி வீடு, தனி வாசல்

'எஃப்எக்ஸ்52' ஃபோல்டருக்குள்ளேயே, 'கோர்' பக்கத்தில், 'ப்ரொஃபைல்' என்று ஒரு காலி ஃபோல்டர் உருவாக்குங்கள். பிறகு 'கோர்' உள்ளே உள்ள ஃபயர்ஃபாக்ஸ் நிரலின் மேல் வலது கிளிக் செய்து டெஸ்க்டாப்புக்கு ஷார்ட்கட் அனுப்புங்கள். ஷார்ட்கட்டின் மேல் வலது கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்'. 'டார்கெட்' கட்டத்தில் நிரலின் பாதை இருக்கும். அதன் கடைசிக்குப் போய் ஒரு இடைவெளி விட்டு இதைச் சேருங்கள்:

-நோ-ரிமோட் -ப்ரொஃபைல் "டி:\எஃப்எக்ஸ்52\ப்ரொஃபைல்"

பாதையில் மேற்கோள் குறி இருந்தால் சேர்ப்பது அதற்கு வெளியே வரவேண்டும். இங்கேதான் பலர் சறுக்குவார்கள். முழுப் பாதை கொடுப்பதும் முக்கியம்.

இரண்டாவது தேர்வின் வேலை புரியும்: இந்த ஃபோல்டரைத்தான் வீடாக வைத்துக்கொள் என்று சொல்கிறது. முதலாவது எதற்கு? ஃபயர்ஃபாக்ஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏற்கெனவே ஒரு ஃபயர்ஃபாக்ஸ் ஓடிக்கொண்டிருந்தால், புதிதாகத் திறப்பது அதனிடமே "ஒரு சாளரம் திற" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடும். பழைய ஐகானைச் சொடுக்கினால் புதிய ஃபயர்ஃபாக்ஸ் திறக்கும் மர்மம் அதுதான். '-நோ-ரிமோட்' அந்தப் பேச்சுவார்த்தையை அறுக்கிறது.

டாஸ்க்பாரில் வேண்டுமானால் இந்த ஷார்ட்கட்டையே பின் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சாளரத்தைப் பின் செய்தால் நாம் சேர்த்த வரி அதில் வராது. அடுத்த முறை சொடுக்கும்போது ப்ரொஃபைல் மாறிப் போகும்.

ஐந்தாம் படி: முதல் திறப்பு, இணையம் இல்லாமல்

வைஃபையை அணையுங்கள், அல்லது கேபிளைப் பிடுங்குங்கள். பழைய பிரவுசர் கண் திறந்ததும் முதலில் தேடுவது தன் புதிய பதிப்பை. இணையம் இருந்தால் நீங்கள் அமைப்புகளைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அது அப்டேட்டை இறக்கிவிடும். பாடுபட்டுப் போட்ட 52 அப்புறம் 52 ஆக இருக்காது.

இப்போது ஷார்ட்கட்டைத் திறங்கள். 'ஆப்ஷன்ஸ்' போய் 'அட்வான்ஸ்டு', அதில் 'அப்டேட்'. 'நெவர் செக் ஃபார் அப்டேட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 63ஆம் பதிப்பிலிருந்து இந்தத் தேர்வே இல்லை. 115 போன்றவற்றில் 'கோர்' ஃபோல்டருக்குள் 'டிஸ்ட்ரிபியூஷன்' என்ற ஃபோல்டர் உருவாக்கி, அதில் 'பாலிசிஸ்' என்ற பெயரில் ஜேசான் கோப்பு ஒன்று வைக்கவேண்டும். அதில் 'பாலிசிஸ்' என்பதற்குள் 'டிஸேபிள்ஆப்அப்டேட்' என்பதற்கு 'ட்ரூ' மதிப்பு. அவ்வளவு சிறிய கோப்புதான்.

பதிப்பு எண்ணைப் பார்க்க 'ஹெல்ப்', 'அபவுட் ஃபயர்ஃபாக்ஸ்' என்று போகும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. பழைய பிரவுசரில் அதை மறந்துவிடுங்கள். அந்தச் சின்னச் சாளரம் பதிப்பைக் காட்டுவதோடு நிற்காது, திறந்தவுடன் அப்டேட் தேடும். அதற்குப் பதிலாக 'அபவுட்:சப்போர்ட்' பக்கத்தில் பாருங்கள். மேலேயே எண் இருக்கும். அதே பக்கத்தில் 'ப்ரொஃபைல் ஃபோல்டர்' வரிசையில் ஃபோல்டரைத் திறக்கும் பொத்தானை அழுத்துங்கள். திறப்பது நீங்கள் உருவாக்கிய 'ப்ரொஃபைல்' ஃபோல்டராக இருந்தால் நிம்மதி. வேறு ஏதாவது திறந்தால் உடனே மூடிவிட்டு ஷார்ட்கட் வரியைச் சரிபாருங்கள்.

ஆறாம் படி: கதவைச் சாத்துவது

இதுதான் பெரும்பாலானோர் விட்டுவிடும் படி. எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுவதும் இதுதான்.

52 இஎஸ்ஆருக்கு மொசில்லாவின் பாதுகாப்புத் திருத்தம் 2018இலேயே நின்றுபோனது. அதற்குப் பிறகு ஃபயர்ஃபாக்ஸில் கண்டுபிடித்து அடைத்த ஓட்டைகள் எத்தனையோ. இதில் பல ஓட்டைகள் திறந்தே கிடக்கின்றன. "கவனமாக இருப்பேன், வேறு தளம் திறக்கமாட்டேன்" என்று நாம் சொல்லலாம். கடையில் வேலை செய்யும் பையன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாட்டுத் தேடுவான், அவனுக்கு எந்த ஐகான் எது என்று என்ன தெரியும்? அதனால் பிரவுசரே வேறு எங்கும் போகமுடியாதபடி செய்துவிடுவது நல்லது.

இதற்குத் தனி மென்பொருள் வேண்டாம். பிரவுசருக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் இடைநிலையமான ப்ராக்ஸி அமைப்பே போதும். 52இல் 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு', 'நெட்வொர்க்', 'செட்டிங்ஸ்'. புதிய தோற்றம் கொண்ட பதிப்புகளில் பொது அமைப்புகளின் அடிப்பக்கத்தில் 'நெட்வொர்க் செட்டிங்ஸ்'. அங்கே 'மேனுவல் ப்ராக்ஸி' தேர்ந்தெடுத்து, முகவரி 127.0.0.1, போர்ட் 9 என்று கொடுங்கள். எல்லா நெறிமுறைகளுக்கும் அதையே பயன்படுத்தும் டிக்கையும் போடுங்கள். 127.0.0.1 என்பது உங்கள் கணினியேதான், அங்கே 9ஆம் கதவில் பதில் சொல்ல யாரும் இல்லை. ஆக, எந்தத் தளத்தைக் கேட்டாலும் ப்ராக்ஸி மறுக்கிறது என்ற பக்கம்தான் வரும். பிறகு 'நோ ப்ராக்ஸி ஃபார்' கட்டத்தில் உங்களுக்கு வேண்டிய முகவரியை மட்டும் சேருங்கள். கேமரா ரெக்கார்டர் என்றால் 192.168.1.64 போல ஒரு எண் இருக்கும். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் வழி திறந்திருக்கும்.

அப்டேட் தேடும் வாசலும் இதோடு சேர்ந்து அடைபடுகிறது என்பது கூடுதல் லாபம். ஒரு விஷயம்: செருகுநிரல்கள் பிரவுசரைக் கேட்காமல் தாங்களே நேரடியாக இணைப்புத் திறக்கலாம். அவை இந்தக் கதவைப் பார்ப்பதில்லை. கேமராப் படம் தடையின்றி வருவதற்கு அது உதவுகிறது. ஆனால் முழுமையான காவல் இல்லை என்பதும் அதனால்தான். வெளியிலிருந்து இறக்கிய, யார் செய்தது என்று தெரியாத செருகுநிரல் எதையும் இதில் போடவேண்டாம்.

இதில் ஃபயர்ஃபாக்ஸ் கணக்கில் நுழையாதீர்கள். சிங்க் வழியாகப் புதிய பிரவுசரின் கடவுச்சொற்கள் ஓட்டைப் பானைக்குள் வந்து விழும். வங்கி, மின்னஞ்சல் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கதவைச் சாத்தியபின் இணையத்தை மீண்டும் இணைத்து, இரண்டு பிரவுசர்களையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். புதியதில் செய்தித் தளம் திறக்கவேண்டும். பழையதில் அதே முகவரி மறுக்கப்படவேண்டும், கருவியின் பக்கம் மட்டும் வரவேண்டும்.

அடையாளம் காண்பது

இரண்டும் ஒரே நரி ஐகானோடு நின்றால் என்றாவது ஒருநாள் மாறிப்போகும். ஷார்ட்கட் ப்ராப்பர்ட்டீஸில் 'சேஞ்ச் ஐகான்' கொடுத்து விண்டோஸின் வேறு ஏதாவது ஐகானை வையுங்கள். பெயரை "கேமரா மட்டும்" என்று மாற்றுங்கள். முகப்புப் பக்கமாகக் கருவியின் முகவரியையே கொடுத்துவிட்டால் முகவரிப் பட்டையில் தட்டும் தேவையே வராது. முடிந்தால் கண்ணை உறுத்தும் சிவப்புத் தோற்றம் ஒன்றைப் போடுங்கள். இதில் அழகு வேண்டாம்.

தகராறு வந்தால்

"ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, பதில் இல்லை" என்று வந்தால் இரண்டு நிரல்கள் ஒரே ப்ரொஃபைலைக் கேட்கின்றன, அல்லது மூடிய பழையது பின்னணியில் இன்னும் சாகவில்லை. டாஸ்க் மேனேஜரில் பார்த்து முடித்துவிடுங்கள். அதன் பிறகும் வந்தால் ஷார்ட்கட் வரியில் பாதை தவறு.

பழையதில் ஒரு பொதுத்தளம் தேவைப்பட்டு, கதவைத் திறந்தும் பக்கம் வெற்றாகவோ பாதியாகவோ நின்றால், அந்தத் தளத்தின் ஜாவாஸ்கிரிப்ட் 52க்குப் புரியவில்லை என்று பொருள். ஒரு உதாரணம்: இன்று நிரலர்கள் சர்வசாதாரணமாக எழுதும், கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த குறியீடு ஃபயர்ஃபாக்ஸ் 74இல்தான் வந்தது. அதைப் பார்த்தவுடன் 52 மொத்தக் கோப்பையும் பிழை என்று தள்ளிவிடும். இதற்கு மருந்து கிடையாது.

சான்றிதழ் பிழை அடிக்கடி வந்தால் முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். பேட்டரி செத்த பழைய கணினிகள் ஒவ்வொரு முறையும் பத்து வருடம் பின்னால் போய் விழிக்கும். தேதி சரியென்றால், பழைய பிரவுசரின் நம்பிக்கைப் பட்டியலில் இன்றைய சான்றளிப்பாளர் இல்லை என்று அர்த்தம்.

தளம் சோதிப்பவர்களுக்கு

உங்களுக்கு ஒன்றல்ல, பல பதிப்புகள் தேவைப்படும். அதே முறைதான்: ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு ஃபோல்டர், அதற்குள் நிரலும் ப்ரொஃபைலும். டெவலப்பர் எடிஷன், நைட்லி என்ற சோதனைப் பதிப்புகள் இரண்டும் இன்று தாமாகவே தனி ஃபோல்டரிலும் தனி ப்ரொஃபைலிலும் போய் உட்காரும், அவற்றுக்கு இந்தப் பாடு தேவையில்லை. எந்தப் பதிப்பில் ஒரு பிழை புகுந்தது என்று தேடுபவர்கள் மோஸ்ரெக்ரெஷன் என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். நல்லது, கெட்டது என்று நீங்கள் சொல்லச் சொல்ல, பதிப்புகளை இரண்டிரண்டாகப் பிளந்து அதுவே இறக்கித் திறந்து காட்டும்.

குரோமில் நிலைமை வேறு. சாதாரண குரோமின் பழைய பதிப்புகளை கூகுள் இப்படி வரிசையாக வைத்திருப்பதில்லை. 2023இல் 'குரோம் ஃபார் டெஸ்டிங்' என்ற தனி வெளியீட்டைக் கொண்டுவந்தார்கள். ஜிப் கோப்பாகக் கிடைக்கும், தானாக அப்டேட் ஆகாது. அதற்கு முந்தியது வேண்டும் என்றால் குரோமின் திறந்த மூல அடிப்படையான குரோமியத்தின் பழைய ஸ்னாப்ஷாட்டுகளில்தான் தேடவேண்டும். ஷார்ட்கட் வரியில் இரண்டு சிறு கோடுகளோடு '--யூசர்-டேட்டா-டிர்=' என்று எழுதி, தனி ஃபோல்டரின் பாதையை ஒட்டிக் கொடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் '-ப்ரொஃபைல்' செய்யும் வேலையை இங்கே இது செய்கிறது.

லினக்ஸில் தார் கோப்பை வீட்டு ஃபோல்டரில் விரித்து, அதே இரண்டு தேர்வுகளோடு டெர்மினலில் ஓட்டினால் போதும். மேக்கில் செயலியை 'அப்ளிகேஷன்ஸ்' ஃபோல்டருக்குள் போடும்முன் பெயரை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றன் மேல் ஒன்று எழுதப்படும். ஓட்டுவது டெர்மினலிலிருந்து, செயலிப் பொட்டலத்துக்குள் 'கன்டென்ட்ஸ்', 'மேக்ஓஎஸ்' வழியாக உள்ள நிரலை.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மட்டுமே வேண்டும் என்பவர்களுக்கு

மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்று எக்ஸ்ப்ளோரர் 11ஐ ஓய்வுக்கு அனுப்பியது. ஆனால் அதன் இயந்திரம் எட்ஜுக்குள் ஐஇ மோடு என்ற பெயரில் வாழ்கிறது, குறைந்தது 2029 வரை வைத்திருப்பதாக அறிவித்திருக்கிறார்கள். எட்ஜ் செட்டிங்ஸில் 'டிஃபால்ட் பிரவுசர்' பகுதிக்குப் போங்கள். தளங்களை ஐஇ மோடில் மீண்டும் ஏற்ற அனுமதிக்கும் வரியை 'அலவ்' ஆக்கி, எட்ஜை மூடித் திறங்கள். அதே பக்கத்தில் கீழே உள்ள பட்டியலில் கருவியின் முகவரியைச் சேருங்கள். இனி அந்த முகவரி பழைய எக்ஸ்ப்ளோரராகவே திறக்கும், ஆக்டிவ்எக்ஸும் ஓடும். பட்டியலில் சேர்த்த முகவரி 30 நாளில் காலாவதியாகும். மாதம் ஒருமுறை "கேமரா வரவில்லை" என்று தொலைபேசி வந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

அந்தக் கடையில் 52 இஎஸ்ஆர் இந்த முறைப்படி ஒன்றரை வருடம் ஓடியது. பிறகு ஒரு மழைக்காலத்தில் ரெக்கார்டரே புகைந்து போக, புதிய பெட்டி வாங்கினார்கள். அன்று மாலை டி டிரைவில் 'எஃப்எக்ஸ்52' ஃபோல்டரையும் டெஸ்க்டாப் ஷார்ட்கட்டையும் அழித்தேன். இரண்டு நிமிட வேலை. புதிய ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து பார்த்தேன், கடைக்காரர் மறுபடி சேர்த்து வைத்திருந்த கடவுச்சொற்கள் இந்த முறை இருந்த இடத்திலேயே இருந்தன.